ஜுரம் விட்ட பிறகு

ஜலதோஷத்துக்கு நம் வீடுகளில் என்றுமே மரியாதை இருந்ததில்லை. மற்ற வியாதிகளுக்கு வைத்தியர் வருவார். ஜலதோஷத்துக்கு மிளகு ரசம் வரும். பாட்டியார் சுக்குக் கஷாயம் வைப்பார். தாயார் ஆவி பிடிக்கச் சொல்லுவார். அடுத்த வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றபடியே ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். மூன்றாம் நாள் ஜுரம் விடும்; நாலாம் நாள் ஸ்நானம்; ஐந்தாம் நாள் அவரவர் தத்தம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள். அநேகமாய் எல்லா ஜலதோஷங்களின் சரித்திரமும் இவ்வளவுதான். ஆகையால் அதனிடம் நாம் காட்டும் அலட்சியத்தைப் பெரிய குற்றமென்று சொல்வதற்கில்லை. தும்மலுக்கெல்லாம் டாக்டர் வீட்டுக்கு ஓடுவதென்று ஆரம்பித்தால், ஊரில் எந்த டாக்டரும் வேளைக்குச் சாப்பிட முடியாது.

ஆயினும், ஜலதோஷமும் இன்புளூயன்ஸா என்னும் விஷ ஜுரமும் விட்ட பிறகு, சிலருக்கு மார்பில் சில உபத்திரவங்கள் தோன்றுவதுண்டு. அவை அபூர்வமானவை. அபூர்வமாயிருப்பதே அவற்றின் தொல்லை. வீட்டார் அவற்றைக் கேள்விப்பட்டிருப்பதில்லை, ஆகவே, ஒன்று, வீண் பீதி கொள்கிறார்கள், அல்லது, "ஜுரந்தான் விட்டுவிட்டதே!" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இந்த வாரம் அவற்றைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறோம். நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டரின் வேலை. எப்போது அவரிடம் போக வேண்டும் என்று தெரிந்துகொள்வது வீட்டாரின் வேலை.

முதலில் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மார்புக் கூட்டுக்குள் சுவாசப்பை மட்டும் இல்லை. சுவாசப்பையைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. விலா எலும்புகளுக்கிடையில் தசைகள் இருக்கின்றன. நடுவில் இருதயமும், அதற்கென்று தனி உறையும் இருக்கின்றன. மூக்கிலும் தொண்டையிலும் குடியேறிய வைரஸ் இவற்றில் எதையும் தீண்டக்கூடும். எதைத் தீண்டிற்று என்பதைப் பொறுத்து, வலி ஒரு விதமாயிருக்கும். ஆபத்து வேறு விதமாயிருக்கும். வலி அதிகமானால் ஆபத்தும் அதிகம் என்று நாம் எல்லோரும் இயல்பாக எண்ணுகிறோம். மார்பின் விஷயத்தில் இந்தக் கணக்குப் பல சமயம் தவறிவிடுகிறது.

அதற்கு உதாரணமாக, பால்டிக் கடலிலுள்ள பார்ன்ஹோம் என்னும் சிறு தீவுக்கு நேயர்களை அழைத்துச் செல்கிறோம். அது டென்மார்க் தேசத்தைச் சேர்ந்தது. அங்கே பரவிய ஒரு விசித்திரமான நோயைப் பற்றி 1930-ல் சில்வெஸ்ட் என்ற டேனிஷ் வைத்தியர் எழுதினார். நல்ல திடகாத்திரமாயிருந்தவருக்குத் திடீரென்று ஜுரம் வரும். கூடவே மார்பின் ஒரு பக்கத்தில் கத்தியால் குத்துவது போன்ற வலி உண்டாகும். மூச்சை இழுத்தால் வலி, இருமினால் வலி, புரண்டு படுத்தாலும் வலி. சற்று நேரம் விட்டிருக்கும், மறுபடியும் பிடித்துக்கொள்ளும். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால், சில நாளில் மற்றவர்களுக்கும் வரும். அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் 1888-ல் இதே நோயைக் கண்டு எழுதிய டாப்னி என்ற டாக்டர், ஜனங்கள் அதைப் "பிசாசின் பிடி" என்று சொல்வதாகக் குறிப்பிட்டார். நம் கிராமங்களில் வந்திருந்தால் நாமும் ஏறக்குறைய அப்படித்தான் பெயரிட்டிருப்போம். வேப்பிலையும் கையுமாக ஒருவரை வரவழைத்துமிருப்போம்.

பிசாசு யார் என்பது 1948-க்குப் பிறகு தெரிய வந்தது. நியூயார்க் மாகாணத்தில் காக்ஸாக்கி என்ற ஊரைச் சேர்ந்த குழந்தைகளிடமிருந்து டால்டார்ப், சிக்கிள்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். ஊரின் பெயரே வைரஸுக்கும் நிலைத்துவிட்டது. அந்த இனத்தைச் சேர்ந்த வைரஸே பார்ன்ஹோம் வலிக்குக் காரணம் என்று அடுத்த ஆண்டு அறியப்பட்டது. அது மார்பிலும் மேல்வயிற்றிலுமுள்ள தசைகளைப் பிடிக்கிறது. பிராணன் போய்விடும் போல் வலித்தாலும், பிராணனுக்கு அபாயம் பெரும்பாலும் இல்லை. சில நாள் படுக்கை, வெந்நீர் ஒத்தடம், வலிக்குச் சாதாரண மாத்திரை, இவ்வளவோடு பிசாசு தானே இறங்கிப் போய்விடும். ஆனால், வலி தசையில்தான் இருக்கிறது, இருதயத்தில் இல்லை என்று தீர்மானிக்க வேண்டியவர் பரிசோதித்துப் பார்த்த டாக்டரே. நோயாளியின் மாமனார் அல்ல.

இரண்டாவது உபத்திரவம் இருமலால் வருவது. நம் சுவாசப்பைகளில் சின்னஞ்சிறு காற்றறைகள் சுமார் 30 கோடிக்குக் குறையாமல் இருக்கின்றன. கடும் இருமலில் உள்ளே காற்றின் அழுத்தம் திடீரென்று ஏறும்போது, எப்போதாவது அந்த அறைகளில் சில வெடித்துவிடுகின்றன. கசிந்த காற்று, இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள உறை வழியாக ஊர்ந்து, மார்பின் நடுப்பகுதியை அடைகிறது. அங்கிருந்து கழுத்துக்கு ஏறித் தோலின் அடியில் தங்குகிறது. இந்தப் பாதையை 1944-ல் விவரித்து எழுதியவர்கள் கனடாவைச் சேர்ந்த சார்லஸ் மாக்லினும் அவருடைய மனைவி மாட்ஜ் மாக்லினும் ஆவர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1939-ல், பால்டிமோர் நகரத்து ஹாமன் என்ற பேர்பெற்ற வைத்தியர், இத்தகைய நோயாளிகளின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், இருதயம் துடிக்குந்தோறும் நறநறவென்று ஒரு சப்தம் கேட்பதை எடுத்துக்காட்டினார்.

வீட்டார் கவனிக்கக்கூடிய அடையாளம் வேறு. பல நாள் கடுமையாக இருமிய ஒருவருக்கு நடுமார்பில் வலி, குரலில் மாற்றம், கழுத்தில் இலேசான வீக்கம். வீக்கத்தை விரலால் தொட்டால், அப்பளத்தை மெதுவாய் அழுத்துவது போல நொறுநொறுக்கும். மெலிந்த இளைஞர்களுக்கும், ஆஸ்த்மா உள்ள குழந்தைகளுக்கும் இது வருவதுண்டு. 2020-ல் கோவிட் பரவியபோது, செயற்கைச் சுவாச யந்திரம் வைக்கப்படாத நோயாளிகள் சிலரிடமும் இது காணப்பட்டது. பெரும்பாலும் ஓய்விலேயே காற்று உட்கிரகிக்கப்பட்டு மறைந்துவிடும். ஆனால் அதே காற்று சுவாசப்பைக்கும் அதன் உறைக்கும் நடுவில் புகுந்துவிட்டால் சுவாசப்பை சுருங்கிப்போகும், அப்போது தாமதிப்பதற்கில்லை. இரண்டில் எது என்பதை ஓர் எக்ஸ்ரேப் படம் பெரும்பாலும் சொல்லிவிடும். ஆகையால் கழுத்து நொறுநொறுத்தால் தைலம் தேய்த்துக்கொண்டிராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது சத்தமின்றி வருவது; ஆகையால் அதிகக் கவனத்துக்கு உரியது. பார்ன்ஹோம் தீவினரின் விலாத் தசையைப் பிடித்த அதே இன வைரஸ், மிகச் சிலருக்கு இருதயத்தின் தசையைப் பிடிக்கிறது. இன்புளூயன்ஸா, கோவிட் முதலிய வேறு பல வைரஸ்களும் இந்தக் காரியத்தைச் செய்யக்கூடும். ஜுரம் விட்டு ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகியிருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இருதயம் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மார்பில் மந்தமான வலி. சில சமயம் கண் இருண்டு மயக்கம். "ஜுரம் அடித்த பலஹீனம்" என்று சொல்லி ஹார்லிக்ஸ் கரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். பல பேருக்கு அது வெறும் பலஹீனமாகவே இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் நாளுக்கு நாள் குறைய வேண்டிய பலஹீனம் நாளுக்கு நாள் ஏறினால், அதற்குப் பெயர் பலஹீனமல்ல. இருதயத் துடிப்பின் படமும் ஓர் இரத்தப் பரிசோதனையும் டாக்டருக்கு வழி காட்டும். நோய் உறுதியானால் நோயாளி மூன்று முதல் ஆறு மாதம் வரை ஓட்டத்தையும் விளையாட்டையும் நிறுத்திவைக்க நேரிடும். காலேஜ் பையனுக்கு இது கசப்பான மருந்துதான். வீங்கிய இருதயத்தோடு பந்தய மைதானத்தில் ஓடி விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

வயதானவர்களுக்கு இன்னோர் அபாயமும் உண்டு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்து நோயாளிகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரையில், இன்புளூயன்ஸா என்று ஊர்ஜிதமான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு நேர்வது மற்றச் சமயங்களைக் காட்டிலும் சுமார் ஆறு மடங்கு அதிகமாயிருந்ததாகக் கண்டிருக்கிறது. ஆகவே, ஐம்பது வயதைக் கடந்தவர் ஜுரத்தோடு மார்பு வலி என்று சொன்னால், வாயுவென்று சொல்லி ஓமத்திராவகம் கொடுப்பது உசிதமாகாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோன உபத்திரவத்துக்கு வருகிறோம். அதுவே இரண்டாவது ஜுரம்.

மூச்சுக் குழாயின் உட்புறத்தில் நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. தூசியையும் கிருமியையும் கோழையோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டேயிருப்பது அவற்றின் பணி. வாசலைப் பெருக்கும் துடைப்பம் என்றே அவற்றைச் சொல்லலாம். இன்புளூயன்ஸா வைரஸ் இந்தத் துடைப்பத்தை அழித்துவிடுகிறது. வைரஸ் போய்விட்ட பிறகும் அது மறுபடி வளரச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவேளையில், மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாய்க் குடியிருந்த வேறு கிருமிகள் கீழே இறங்கிச் சுவாசப்பையில் புகுந்து நிமோனியாவை உண்டாக்குகின்றன.

இப்படிப் பின்னால் வந்தவன் ஒரு காலத்தில் எல்லோரையும் ஏமாற்றிவிட்டான். 1892-ல் ஜெர்மானிய அறிஞர் பைபர், இன்புளூயன்ஸா நோயாளிகளின் கோழையில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே அந்த ஜுரத்துக்குக் காரணம் என்றார். உலகமும் வெகு காலம் அப்படியே நம்பிற்று. 1933-ல் லண்டனில் ஸ்மித், ஆன்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர் மனிதனைப் பீடிக்கும் இன்புளூயன்ஸா வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான், பைபர் கண்டது பூட்டை உடைத்த திருடனையல்ல, திறந்து கிடந்த வீட்டில் நுழைந்த மற்றொருவனை என்பது தெளிவாயிற்று.

இரண்டுக்கும் நடுவே 1918-ம் வருஷம் வந்து போய்விட்டது. அந்த வருஷம் ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கிய ஜுரம், செப்டம்பருக்குப் பிறகு பன்மடங்கு உக்கிரத்துடன் திரும்பி நாடெங்கும் பரவிற்று. இந்தியாவில் மாண்டவர்களின் தொகையை அறிஞர்கள் ஒன்றேகால் கோடியிலிருந்து இரண்டு கோடி வரை பலவாறாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் நம் தேசத்தின் ஜனத்தொகை கூடாமல் சிறிது குறைந்தே போயிற்று. ஹிந்தி மகாகவி நிராலா தம் மனைவியையும் குடும்பத்தார் பலரையும் அந்த ஜுரத்தில் இழந்தார். உலகப் போருக்கென்று நம் தானியமும் நம் வைத்தியர்களும் வெளியே போயிருந்த காலம்; மழையும் பொய்த்திருந்தது. வைத்திய உதவி இன்னதென்றே அறியாமல் கிராமங்கள் அழிந்தன.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இறந்தவர்களின் சுவாசப்பைத் துணுக்குகள் சில பாதுகாத்து வைக்கப்பட்டிருந்தன. 58 பேருடைய துணுக்குகளை அறிஞர்கள் மறுபடியும் ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அநேகமாய் எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளம் இருந்தது. வைரஸ் கதவைத் திறந்தது. உயிரைக் கொண்டுபோனது பெரும்பாலும் பின்னால் வந்தது. அன்று அதற்கு மருந்து கிடையாது. பெனிசிலினை பிளெமிங் கண்டதே 1928-ல்தான். இன்று மருந்து இருக்கிறது. காலத்தில் கொடுத்தால் பிழைக்க வைக்கிறது. காலத்தில் கொடுப்பதற்கு, வீட்டில் ஒருவர் அந்த இரண்டாவது ஜுரத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு செய்தியை நம் வாசகர்கள், முக்கியமாகக் குடும்பத் தலைவர்கள், யோசித்துப் பார்க்க வேண்டும். 1918-ல் இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்தார்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவர்கள் அவர்கள். மிச்சமிருந்ததைச் சாப்பிட்டவர்களும் அவர்களே. காலம் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் இன்றைக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஜுரம் வந்தால், முதலில் எழுந்திருப்பவள் யார்? ஜுரம் விட்ட மறுநாளே அடுப்பைப் பற்றவைத்து, எல்லோருக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவள் யார்? மறுபடியும் குளிர் காய்ச்சல் வந்தால், அவள் வாய் திறந்து சொல்வதும் கடைசியில்தான். அவளுக்கு வெப்பமானி வைத்துப் பார்ப்பதும் கடைசியில்தான். மற்றவர்களின் ஜுரத்தை அவள் கவனிக்கிறாள். அவளுடைய ஜுரத்தைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டாமா?

கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. ஜுரம் விட்டு இரண்டொரு நாள் சுகமாயிருந்து, பிறகு மறுபடியும் ஜுரம் ஏறினால், மஞ்சள் அல்லது துருவின் நிறத்தில் கோழை வந்தால், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூச்சு வாங்கினால், அல்லது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினால், தாமதம் கூடாது. மார்பை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம், உதடு நீலம் பாய்தல், இவற்றில் எது கண்டாலும் 108 வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

குழந்தைகள் வலியைச் சொல்ல மாட்டார்கள். அவர்களுடைய மூச்சு சொல்லும். குழந்தை அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுவதும் வயிறு ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேகமான மூச்சு என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருக்கிறது. மூச்சு இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பாகம் உள்ளே குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும் விஷயம் இன்னும் தீவிரமானது.

செய்யக்கூடாதவை சில உண்டு. போன தடவை டாக்டர் எழுதிக்கொடுத்து மீந்துபோன மாத்திரைகளை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கலாகாது. முதல் ஜுரத்தை உண்டாக்கிய வைரஸுக்கு அவை ஒன்றும் செய்யா. இரண்டாவது ஜுரத்துக்கு எது சரியான மருந்து என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஜுரம் இருக்கும்போது தேகப்பயிற்சி கூடாது. விட்ட பிறகும் படிப்படியாகவே பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். நோயாளி படுத்திருக்கும் அறையில் புகை பிடிப்பதைப் பற்றி நாம் சொல்லவும் வேண்டுமா?

வருமுன் காப்பதற்கும் வழி இருக்கிறது. முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்த்மா, நீரிழிவு, இருதய நோய் உள்ளவர்கள் ஆகியோர் ஆண்டுதோறும் இன்புளூயன்ஸாத் தடுப்பூசி போட்டுக்கொள்வதைப் பற்றித் தங்கள் டாக்டரைக் கலந்துகொள்ளலாம். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமான நியூமோகாக்கஸுக்கு எதிரான தடுப்பூசியை, நம் சர்க்கார் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தில் 2017-ல் சில மாகாணங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுவதுக்கும் விஸ்தரித்திருக்கிறார்கள். இந்த ஊசியை எந்தத் தாயும் குழந்தைக்குத் தவறவிடலாகாது.

மிளகு ரசத்தையும் சுக்குக் கஷாயத்தையும் நாம் விட்டுவிடச் சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாகவும் மனத்துக்கு ஆறுதலாகவும் அவை தொன்றுதொட்டு இருந்து வருகின்றன. ஜுரம் விட்டவுடன் வெப்பமானியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல் இன்னும் பத்து நாள் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். வீட்டில் எல்லோரையும்போல் வீட்டுக்காரியம்மாளுக்கும் அதை ஒரு தடவை வைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம்.